முதலில் அந்த மைக்கை எடுத்துவிடுங்கள்

தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் விடலாமா என்று கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டீர்கள். நாலு பேரே கத்தித் தீர்த்தார்கள், மற்றவர்கள் வாய் திறக்கவில்லை, அடுத்த கூட்டத்தை எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மைக் வேண்டாம். மேசைக்கு ஏழெட்டுப் பேராக உட்கார வையுங்கள். ஒவ்வொரு மேசையிலும் பேச்சை நடத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். குறிப்பெடுத்தவர் கடைசியில் அதை வாசித்துக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று கேட்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் நடத்திய ஒரு கூட்டத்தில், அதுவரை ஒரே வரி பேசியிருந்த ஓர் அம்மா, "இல்லை தம்பி, நான் சொன்னது சாமான் இறக்கும் வண்டியைப் பற்றி" என்று திருத்தியது அப்போதுதான். அதன் பிறகே பேச்சு விஷயத்துக்கு வந்தது.

அப்புறம், யாரைக் கூப்பிடுவது? விரும்பியவர்கள் வரலாம் என்றால் அதே நாலு பேர்தான் வருவார்கள். அயர்லாந்தில் 2016இல் அமைத்த குடிமக்கள் பேரவைக்கு 99 பேரை வயது, பாலினம், பகுதி பார்த்துக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். நிபுணர்களைக் கேட்டார்கள், மேசைகளில் பேசினார்கள், கடைசியில் ரகசிய வாக்கெடுப்பு. கருக்கலைப்புத் தடை பற்றிய அவர்களுடைய பரிந்துரைதான் 2018 பொதுவாக்கெடுப்புக்கு வழிவிட்டது.

இன்னொன்று. எது இன்னும் முடிவாகவில்லை, பரிந்துரையை ஏற்காவிட்டால் காரணத்தை எப்போது சொல்வார்கள் என்று அதிகாரிகளிடம் எழுத்தில் வாங்குங்கள். அது கையில் வரும்வரை கூட்டத்துக்குத் தேதி குறிக்காதீர்கள்.