வாக்கர் நடந்தது எங்கே?

அன்புள்ள ஐயா,

என் மகள் லீட்ஸில் படிக்கிறாள். அவள் வகுப்பில் மூன்று பேருக்குக் குடும்பப்பெயர் வாக்கர். நடந்தே ஊர் சுற்றியவர்களின் வாரிசுகளா இவர்கள்? ஜானி வாக்கர் பாட்டிலிலும் ஒருவர் நடந்துகொண்டுதானே இருக்கிறார்!

- ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

கால் வலிக்க மிதித்தவர்கள்தான். ஆனால் ஊர் சுற்றவில்லை, ஒரே தொட்டிக்குள்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி தளர்வாக இருக்கும், ஆட்டுமுடியின் எண்ணெய்ப் பிசுக்கும் போயிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரோடு பல நாள் சேர்த்துவைத்த மூத்திரத்தையும் ஊற்றி, உள்ளே இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். (ஆமாம், மூத்திரம்தான். அதிலிருக்கும் அம்மோனியா பிசுக்கை எடுத்துவிடும்.) மிதிக்க மிதிக்க இழைகள் பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். இந்த வேலை செய்தவர்தான் வாக்கர். அந்தச் சொல்லின் வேரில் உருட்டுவது, புரட்டுவது என்றுதான் பொருள். 'நடப்பது' பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இதே வேலைக்காரருக்குத் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர் என்று பெயர். தென்மேற்கின் டெவன் மாவட்டத்தில், எக்ஸெட்டர் நகரில் 1471இல் கட்டிய 'டக்கர்ஸ் ஹால்' இன்றும் நிற்கிறது. ஃபுல்லரை உங்களுக்கே தெரியும்: முகத்தில் பூசும் முல்தானி மட்டிக்கு ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்'. கம்பளியின் எண்ணெயை உறிஞ்ச அவர்கள் போட்ட மண் அதே வகைதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் உங்கள் மகள் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லீட்ஸை ஒட்டிய நியூசமில், தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் மரச் சம்மட்டிகள் துணியை அடித்த ஆலை ஒன்று 1185ஆம் ஆண்டுக் கணக்கேட்டிலேயே பதிவாகியிருக்கிறது. தொழிற்பெயர்கள் பிள்ளைக்கும் பேரனுக்கும் குடும்பப்பெயராக நிலைத்ததெல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதாவது, சம்மட்டி அடிக்க ஆரம்பித்த பிறகும் ஆளைக் காலை வைத்தே கூப்பிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த பாட்டில். ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தின் கில்மார்நாக்கில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தொப்பியும் கைத்தடியுமாக நடப்பவரை 1908இல்தான் வரைந்து சேர்த்தார்கள். பெயரை வைத்துச் செய்த விளம்பரம், அவ்வளவுதான்.

மகளின் வகுப்பில் டக்கர் யாராவது இருந்தால் பூர்வீகம் எது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். டெவன் என்று பதில் வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.