கணவர் அங்கே, மனைவி இங்கே: வெளிநாட்டில் இருப்பவருக்கு டிக்கெட் எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

திருச்சியில் டிக்கெட் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் தங்களுக்காக டிக்கெட் கேட்பதில்லை. துபாயில் இருக்கும் கணவருக்கு, சிங்கப்பூரில் இருக்கும் மனைவிக்கு, கல்யாணம் பேசி முடித்த பெண்ணுக்கு என்றுதான் வருவார்கள். அந்த வகைக் கேள்விகளை மட்டும் கேளுங்கள். விசா கிடைக்குமா கிடைக்காதா என்று ஜோசியம் சொல்ல மாட்டேன். கேட்பதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன்: போகிறவரின் பாஸ்போர்ட் பக்கம் படமாக உங்கள் கையில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

தஞ்சாவூர்: அண்ணா, வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்துபோக நான் இங்கிருந்து டிக்கெட் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சென்னை-துபாய்-சென்னை பார்த்தால் விலை குறைவாகக் காட்டுகிறது. அதையே எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள் தங்கச்சி. அந்த டிக்கெட் சென்னையில் தொடங்குகிறது. அவர் இருப்பதோ துபாயில். முதல் பகுதியில் ஏறாவிட்டால் அவர் வரவில்லை என்று பதிவாகி, மீதிப் பயணமும் ரத்தாகிவிடும். திரும்பும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு வரலாம் என்பது நடக்காது. துபாய்-சென்னை-துபாய் என்றுதான் தேட வேண்டும். விலை வேறாக இருப்பதற்குக் காரணம், பயணம் எந்த ஊரில் தொடங்குகிறதோ அந்தச் சந்தையை வைத்துக் கட்டணம் போடுகிறார்கள் என்பதுதான்.

அப்படித் தேடும்போது விலை திர்ஹாமில் வரலாம். இந்தியக் கார்டில் கட்டினால் வங்கி தன் பங்குக்கு ஒரு தொகை எடுக்கும். பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் வங்கி ஆப்பில் திறந்துவிடுங்கள். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வரும். பாதிப்பேர் "கார்டு வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வருவது இதனால்தான். வீட்டுக்காரரிடம் அங்கத்திய கார்டு இருந்தால் அவரையே கட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பணத்தைக் கணக்கில் நேர்செய்துகொள்வது சுலபம்.

கோவை: சார், என் கார்டில் லண்டனில் இருக்கும் மனைவிக்கு எடுத்தேன். செக்-இன்னில் கார்டைக் காட்டச் சொல்வார்களாமே? கார்டு என்னிடம் அல்லவா இருக்கிறது?

சில நிறுவனங்கள் கேட்கும். குறிப்பாகக் கார்டுக்காரரும் பயணியும் வேறு வேறு ஆளாக இருந்து, பயணத் தேதியும் நெருக்கத்தில் இருந்தால். பயப்பட வேண்டாம். டிக்கெட்டோடு வந்த மின்னஞ்சலில் "பணம் செலுத்திய கார்டைக் காட்ட வேண்டும்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே நிறுவனத்தை அழைத்து, கார்டுக்காரர் பயணம் செய்யவில்லை என்று சொல்லிச் சரிபார்த்துவிடுங்கள். பொதுவாகக் கார்டின் முன்பக்கப் படம் (நடு எண்களை மறைத்து), உங்கள் அடையாள அட்டை, கையெழுத்திட்ட ஒரு கடிதம் கேட்பார்கள். பின்பக்கத்து மூன்று எண்ணை யார் கேட்டாலும் தராதீர்கள்.

சேலம்: திரும்பத் திரும்பத் தேடினால் விலை ஏறுகிறது. இன்காக்னிட்டோவில் (தேடியது பதிவாகாத மறைமுக முறையில்) தேடினால் குறையுமா?

குறையாது. ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். கீழடுக்கு தீர்ந்தால் அடுத்தது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வாங்கிவிட்டார், அவ்வளவுதான். உருப்படியான ஒரு வழி சொல்கிறேன்: இரண்டு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழடுக்கில் ஒரே இருக்கைதான் மிச்சம் என்றால், இரண்டு பேருக்கும் மேலடுக்கு விலையைக் காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் தனித்தனியாக எடுங்கள்.

நாகர்கோவில்: மனைவி டிக்கெட்டில் பெயரோடு எம்ஆர்எஸ் ஒட்டி வந்திருக்கிறது. பெயர் தப்பா?

தப்பில்லை. அது மிஸஸ் என்ற அடைமொழி. கணினி அப்படித்தான் ஒட்டி அச்சடிக்கும்.

திண்டுக்கல்: பாஸ்போர்ட்டில் என் மனைவிக்குக் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. டிக்கெட் தளம் அதைக் கேட்டு அடம் பிடிக்கிறது. இன்ஷியலைப் போடலாமா? அவளை விசிட் விசாவில் ஷார்ஜாவுக்கு அழைக்கிறேன்.

இன்ஷியல் வேண்டாம். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து டிக்கெட்டில் இருக்கக் கூடாது. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. பலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், டிக்கெட்டில் "முத்துலட்சுமி முத்துலட்சுமி" என்று வரும். அமெரிக்க விசா என்றால் விசாவிலேயே எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டுக் கொடுப்பார்கள், டிக்கெட்டையும் அதற்கேற்பப் போடுவது உண்டு. அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் விஷயத்தில் டிக்கெட்டைவிடப் பெரிய சிக்கல் வேறு. 2022 நவம்பரில் அமீரகம், விசிட் விசாவில் வருபவரின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள். எனவே முதல் பக்கம், அப்பா பெயர் இருக்கும் கடைசிப் பக்கம் இரண்டையும் விசா எடுத்துத் தருபவரிடம் காட்டிவிட்டு, விசா கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். அங்கே ரெசிடென்ஸ் விசா இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

சென்னை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். குடும்பப் பெயர் என்பதே நமக்குக் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் நம் வழக்கம். ஊருக்கெல்லாம் ஏன் நாம் வளைந்துகொடுக்க வேண்டும்? விமான நிறுவனங்கள்தான் மாற வேண்டும்.

நியாயம்தான். கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் போய் இதைப் பேசினால் விமானம் போய்விடும்.

மதுரை: சென்னை நண்பருக்கு: நான் இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டேன். மனைவி என் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டாள். இப்போது ஜெர்மனியில் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவளை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மகனுக்கும் என் பெயர். ஒரே வீட்டில் நான் மட்டும் வேறு குடும்பம்!

சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு வேலை இருக்கிறது. குழந்தையோடு நீங்கள் மட்டும் பயணம் செய்தால், "இது உங்கள் குழந்தைதானா" என்று குடியேற்ற அதிகாரி கேட்கலாம். பிறப்புச் சான்றிதழின் நகல் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

கோலாலம்பூர்: எங்கள் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று இருக்கும். டிக்கெட் தளம் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கோட்டை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் போடுவதுதான் நடைமுறை. டிக்கெட் கணினிகளுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும், புள்ளியும் கோடும் தெரியாது. கவுண்டரில் இருப்பவர்களுக்கு இது பழக்கம்தான்.

சென்னை: பார்த்தீர்களா, அங்கே மகன், மகள் என்று பாஸ்போர்ட்டிலேயே எழுதிக்கொடுக்கிறார்கள். நம் பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயருக்குத் தனி இடம் இருக்கும்போது குடும்பப் பெயர் எதற்கு?

ஈரோடு: கல்யாணமானால் மனைவி கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எங்கள் ஏஜென்ட் சொன்னாரே?

ஈரோட்டுக்காரரே, அப்படி எந்தச் சட்டமும் இல்லை. பெயரை மாற்றாமலே பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை மட்டும் சேர்க்கலாம். மாற்றியே தீருவது என்றால் விசா விண்ணப்பத்துக்கு முன்பே மாற்றி முடியுங்கள். பழைய பெயரில் விசா, புதுப் பெயரில் பாஸ்போர்ட், இரண்டையும் பார்க்காமல் கணவர் வெளிநாட்டிலிருந்து எடுத்த டிக்கெட் என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும் கேஸ்கள்தான் என் மேஜைக்கு வருகின்றன. எழுத்துப் பிழையைச் சில நிறுவனங்கள் திருத்தித் தரும். முழுப் பெயரையே மாற்று என்றால், வேறு ஆளுக்கு மாற்றுவதாகத்தான் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் பக்கம் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

பெயர்ச் சண்டை இத்துடன் போதும். சென்னை நண்பர் வெளியுறவுத் துறைக்கு எழுதட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

புதுக்கோட்டை: குவைத்தில் இருக்கும் கணவருக்குத் தெரியாமல் டிக்கெட் எடுத்து, எங்கள் கல்யாண நாளுக்கு ஆச்சரியப்படுத்தப் போகிறேன்.

ஐயோ, வேண்டாம்மா. 2025 ஜூலை 1 முதல் குவைத்தில் தனியார் நிறுவன வெளிநாட்டு ஊழியர்கள் நாட்டைவிட்டுக் கிளம்ப முதலாளி ஒப்புதலோடு வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். லீவு கிடைக்காமல் டிக்கெட் மட்டும் இருந்தால் ஆச்சரியம் உங்களுக்குத்தான். சவுதி என்றால் போய்த் திரும்பும் விசா வேண்டும். வளைகுடாவில் இருப்பவருக்குத் தெரியாமல் டிக்கெட் என்ற பேச்சே எடுக்காதீர்கள். முதலில் லீவு, அடுத்து அனுமதி, அப்புறம் டிக்கெட்.

டொரொண்டோ: வணக்கம் அண்ணை. மனுசி யாழ்ப்பாணத்தில. அவவுக்கு கனடா விசா பாஸ்போர்ட்டில குத்தி வந்திட்டுது. கொழும்பில இருந்து பாரிஸ் வழியா வாற டிக்கெட் மலிவு. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேணும் எண்டு சொல்லினம். எடுக்கலாமோ?

சொல்வது பொய்யில்லை, முழுசாகவும் இல்லை. ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும், விமானம் மாறுவதற்கான விமான நிலைய டிரான்சிட் விசாப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. ஆனால் கனடா, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவருக்கு அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் மனைவிக்கு அது பொருந்தும்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். கொழும்பு-பாரிஸ் ஒரு டிக்கெட், பாரிஸ்-டொரொண்டோ இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்தால், பெட்டியை எடுத்து மறுபடி போட அவர் வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு முழு ஷெங்கன் விசா வேண்டும். இந்த விலக்கு அங்கே உதவாது. இரண்டு, இறங்கும் விமான நிலையமும் ஏறும் விமான நிலையமும் ஒன்றாக இருக்க வேண்டும். பாரிஸில் சார்ல் து கோல், ஓர்லி என்று இரண்டு உண்டு. மலிவு டிக்கெட்டுகளில் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறச் சொல்லும் வினோதங்கள் இருக்கும், நகரத்தின் பெயரை மட்டும் பார்த்தால் கண்ணில் படாது. முதல் தடவை தனியாக வருகிறார் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான மாறுதல் வேண்டாம். நூறு டாலர் கூடினாலும் பரவாயில்லை.

வேலூர்: நான் காதலிக்கும் பெண் மணிலாவில் இருக்கிறாள். ஆறு மாதமாகச் சாட்டில் பேசுகிறோம். இந்தியா வர ஏஜென்ட் கணக்குக்கு டிக்கெட் பணம் அனுப்பச் சொல்கிறாள். பிஎன்ஆர் எண்ணோடு டிக்கெட் படமும் அனுப்பியிருக்கிறாள். அனுப்பலாமா?

தம்பி, பணம் அனுப்பாதீர்கள். டிக்கெட் அனுப்புங்கள். உண்மையிலேயே வரப்போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிஎன்ஆர் என்பது டிக்கெட் இல்லை. பணம் கட்டாமலே ஏஜென்ட் ஒரு இருக்கையைப் பிடித்துவைத்து அழகாக அச்சடித்துக் கொடுக்க முடியும். பணம் கட்டி வெளியான டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் இருக்கும். முதல் மூன்றும் நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, ஸ்ரீலங்கன் 603. (பட்ஜெட் நிறுவனங்கள் சிலவற்றில் பிஎன்ஆர் மட்டும்தான் இருக்கும்.) நிறுவனத்தின் தளத்தில் நீங்களே எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பாஸ்போர்ட் பக்கத்தையும் இந்திய இ-விசாவையும் கேளுங்கள். வீடியோவில் பாஸ்போர்ட்டை முகத்தின் பக்கத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டை உங்கள் கார்டில், நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து எடுங்கள். ரத்தானால் பணம் உங்கள் கார்டுக்கே திரும்பும், அவருக்குப் போகாது. இதற்கு அவர் கோபப்பட்டால் விஷயம் முடிந்தது.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். "டெல்லியில் இறங்கிவிட்டேன், கஸ்டம்ஸ் பிடித்துவிட்டார்கள், இந்தக் கணக்கில் உடனே கட்டு" என்று ஒரு அழைப்பு வரலாம். சுங்கத் துறை தனிநபர் வங்கிக் கணக்கில் வரி வாங்குவதில்லை. எத்தனை அழுகை கேட்டாலும் கட்டாதீர்கள்.

கரூர்: டிக்கெட்டில் பெயரோடு எம்ஆர் ஒட்டி வந்திருக்கிறது...

நாகர்கோவிலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பூர்: வெளிநாட்டு டிக்கெட்டுக்கு டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்களா?

டிக்கெட் மட்டும் என்றால் இல்லை. ஓட்டலும் சேர்ந்த சுற்றுலாப் பேக்கேஜுக்குத்தான்.

கடலூர்: மனைவி மஸ்கட்டில் ஏழு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்துவர வேண்டும்.

சீக்கிரம் எடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் மருத்துவர் சான்றிதழ் கேட்கும், 36 வாரத்துக்கு மேல் ஏற்றாது. கணக்கு பயணத் தேதியை வைத்து, டிக்கெட் எடுத்த தேதியை வைத்து இல்லை. இடைவழி மாறாத நேரடி விமானமாக இருக்கட்டும்.

பெரம்பலூர்: சேலம்காரர் கேட்டதுதான், செவ்வாய்க்கிழமை எடுத்தால் குறையுமாமே?

செவ்வாயும் இல்லை, இன்காக்னிட்டோவும் இல்லை.

அரியலூர்: வீட்டுக்காரருக்கு தோஹாவிலிருந்து 14ஆம் தேதி, 00:40க்கு விமானம். 14ஆம் தேதி இரவு கிளம்பினால் போதும்தானே?

நல்லவேளை கேட்டீர்கள். 00:40 என்றால் 14ஆம் தேதி பிறந்து நாற்பது நிமிடம். 14ஆம் தேதி இரவு அவர் விமான நிலையம் போனால் விமானம் போய்க் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும். வளைகுடாவிலிருந்து நம் ஊருக்கு வரும் விமானங்கள் நிறைய நள்ளிரவுக்கு மேல்தான், மாதம் ஒருவராவது இப்படித் தவறவிடுகிறார். 13ஆம் தேதி டியூட்டி முடிந்ததும் குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்கச் சொல்லுங்கள். லீவும் 13 மாலையிலிருந்து எழுதியிருக்கிறதா என்று இப்போதே போன் போட்டுக் கேளுங்கள்.