காப்பர்-டியா, ஊசியா, மாத்திரையா: பெண்கள் கேட்டதும் நான் சொன்னதும்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பெண்கள் மகளிர் குழுக்கள் வழியாகவும் போனிலும் கேட்ட கேள்விகள் இவை. பேர் போட வேண்டாம் என்றார்கள். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்தக் கருத்தடை முறையை எடுத்தாலும் ஏதாவது ஒரு தொந்தரவு இருக்கும். அது என்ன, எத்தனை மாதத்தில் அடங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெண்கள் பயப்படுவதில்லை. சொல்லாமல் விடுவதுதான் பாதி வதந்திக்குக் காரணம்.

முக்கூடல், 27 வயது, பீடி சுற்றுகிறார்: இரண்டாவது பிரசவம் முடிந்து வார்டுக்கு வந்த பிறகுதான் காப்பர்-டி போட்டிருப்பதே தெரிந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. மூன்று மாதமாகத் தீட்டு அதிகம். அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று மாமியார் பயமுறுத்துகிறார். என்ன செய்ய?

உங்களைக் கேட்காமல் போட்டது தப்பு, தங்கச்சி. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி போடுவது நல்ல முறைதான். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போதே விளக்கிச் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான் போட வேண்டும். வலி வந்து கத்திக்கொண்டிருக்கிறவளிடம் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகாது.

இப்போது வைத்துக்கொள்வதா எடுப்பதா என்பது உங்கள் முடிவு. எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். "பத்து வருஷம் கழித்து வா" என்றோ "வீட்டுக்காரரைக் கூட்டி வா" என்றோ திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. எடுப்பது சில நிமிட வேலை. ஆபரேஷன் இல்லை, மயக்க ஊசியும் வேண்டாம்.

நெஞ்சுக்குப் போகும் என்பது கதை. நான் பெண்களின் உள்ளங்கையில் ஒரு காப்பர்-டியை வைத்துக் காட்டுவேன். ஒன்றரை அங்குலம்கூட இருக்காது. வெள்ளை பிளாஸ்டிக்கில் டி வடிவம், தண்டில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அடியில் இரண்டு நூல். டியின் இரண்டு கைகளையும் மடக்கினால் மடங்கும், விட்டால் விரியும். கர்ப்பப்பை மூடிய பை; அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. அபூர்வமாகக் கர்ப்பப்பைச் சுவரைக் குத்திக்கொண்டு வயிற்றுப் பக்கம் போவது உண்டு; பெரும்பாலும் போடும் நேரத்தில் நடப்பது. அதனால்தான் ஆறு வாரத்தில் ஒரு தடவை வந்து காட்டச் சொல்வது. பிரசவத்தோடு போட்டது தானாக வெளியே விழுந்துவிடவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டாலே பாதிக் கவலை தீரும்.

தீட்டு அதிகமாவதும் அடிவயிறு இழுத்துப் பிடிப்பதும் முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை இருக்கும். அப்புறம் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். ஆனால் உங்கள் ரத்த அளவைப் பாருங்கள். நம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் காலை ஏழு மணிக்குத் தட்டை மடியில் வைத்தால் மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போடுகிறவர்கள். ஏற்கெனவே சோகை இருக்கிற உடம்பில் மாதாமாதம் கூடுதலாகப் போனால் தாங்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ரொம்பக் குறைவாக இருந்தாலோ ஆறு மாதம் கழிந்தும் அடங்காவிட்டாலோ எடுத்துவிட்டு வேறு முறைக்குப் போங்கள். காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், கடுமையான வயிற்றுவலி மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

தனியாரில் ஹார்மோன் வைத்த டி ஒன்று உண்டு. அது தீட்டைக் குறைக்கும். சிலருக்கு நின்றேகூடப் போகும். விலைதான் ஆயிரக்கணக்கில்.

கடையநல்லூர், 30 வயது: வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். அந்த இரண்டு மாதத்துக்காகக் காப்பர்-டி போடணுமா?

போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் டிக்கெட் போட்டதும் சொல்லச் சொல்லுங்கள். அவர் வருவதற்கு முந்தின தீட்டு வந்த முதல் ஐந்து நாளுக்குள் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரையை ஆரம்பித்தால் வரும்போது பாதுகாப்பு தயாராக இருக்கும். அரசு மருத்துவமனையில் இலவசம். அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. தினமும் ஒரே நேரத்தில், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ரத்தக்கொதிப்பு, கண்ணில் மின்னலடிக்கிற ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் இது வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் ஆறு மாதம் வரை வேண்டாம்.

இல்லை, அவரே நிரோத் (ஆணுறை) போட ஒத்துக்கொண்டால் அதைவிடச் சுலபம் எது? ஒவ்வொரு முறையும் விடாமல், சரியாகப் போட்டால் நூறு பேரில் ஒரு வருஷத்தில் இரண்டு பேர்தான் உண்டாவார்கள். நடைமுறையில் அது பதின்மூன்று ஆகிவிடுகிறது. ஏனென்றால் "இன்னைக்கு ஒருநாள்" என்று விடுவார்கள். காப்பர்-டியில் அந்தக் கணக்கு ஒன்றுக்கும் குறைவு. பால்வினை நோயிலிருந்து காப்பது நிரோத் மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

களக்காடு, 25 வயது: அந்தரா ஊசி போட்டு ஐந்து மாதம். தீட்டே வரவில்லை. கெட்ட ரத்தம் உள்ளே தங்கி உடம்பு ஊதுகிறது என்கிறாள் என் மதினி. இனிமேல் பிள்ளை பிறக்குமா?

உங்கள் மதினி சொல்வதைத்தான் வீட்டுக்கு வீடு கேட்கிறேன். தங்குவதற்கு அங்கே ரத்தமே இல்லை. மாதாமாதம் கர்ப்பப்பைக்குள் ஒரு மெத்தை மாதிரி படலம் வளர்ந்து, கரு தங்காவிட்டால் கரைந்து வெளியே வரும், அதுதான் தீட்டு. ஊசி அந்தப் படலத்தை வளரவே விடுவதில்லை. வளராதது எப்படி வெளியே வரும்? முதல் ஊசிக்குப் பிறகு சொட்டுச் சொட்டாகப் படுவது, இரண்டு மூன்று ஊசிக்குப் பிறகு நின்றுபோவது, இரண்டுமே இந்த மருந்தின் இயல்பு. சோகை இருக்கிற பெண்ணுக்கு இது நல்லதுகூட.

எடை கொஞ்சம் கூடுவது உண்மை, மறைக்க மாட்டேன். சிலருக்கு மனச்சோர்வு, தலைவலியும் வரும். எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும்; ஊசியை நிறுத்தினால் திரும்பிவிடும். பிள்ளை கட்டாயம் பிறக்கும், ஆனால் உடனே இல்லை. கடைசி ஊசியிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம். அடுத்த வருஷமே பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட வேண்டும். தேதி தள்ளினால் நான்கு வாரம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் போடுவார்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது. மருந்து சீக்கிரம் கரைந்துவிடும்.

பத்தமடை, 23 வயது: அடுத்த மாதம் கல்யாணம். பி.எட். முடிக்க ஒரு வருஷம் வேண்டும். முதல் பிள்ளையைத் தள்ளிப்போட்டால் அப்புறம் தங்காது என்று அம்மா சொல்கிறாள்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. கல்யாணமான நாலாம் மாதமே "விசேஷம் உண்டா" என்று ஊரே கேட்கிறது. ஆனால் மாத்திரையோ நிரோத்தோ கர்ப்பப்பையைக் கெடுப்பதில்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஓரிரு மாதத்திலேயே பழையபடி ஆகிவிடும்.

உங்களுக்கு சாயா மாத்திரை பொருந்தலாம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. மாலா-என் மாதிரி ஹார்மோன் மாத்திரை இல்லை, அதனால் குமட்டல், தலைசுற்றல் குறைவு. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. தீட்டு வந்த முதல் நாள் ஞாயிறு என்றால் ஞாயிறும் புதனும். சுவர்க் காலண்டரில் மூன்று மாதத்துக்கும் அந்த இரண்டு கிழமையைப் பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள். விழுங்கியதும் வட்டத்துக்குள் ஒரு கோடு. தினமும் விழுங்குகிற மாத்திரையை விட வாரத்துக்கு இரண்டு என்பதுதான் ஜாஸ்தி மறக்கும். ஒருநாள் தவறினால் நினைவு வந்ததும் போட்டு, அடுத்த தீட்டு வரை நிரோத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு மேல் தவறினால் முதலிலிருந்து. இதில் தீட்டு தள்ளித் தள்ளி வரும், பயப்பட வேண்டாம். நீர்க்கட்டி இருப்பவர்களுக்கும் சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் சாயா கூடாது.

பாளையங்கோட்டை, வயது குறிப்பிடவில்லை: நிரோத் கிழிந்துவிட்டது. மூன்று மெடிக்கலில் அவசர மாத்திரை கேட்டேன், இல்லை என்றார்கள். ஒருவர் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. இது சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மாத்திரை. நம் மாநிலத்தில் பல கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. அரசு நிலையங்களில் ஈஸி பில் என்ற பேரில் வரும்; செவிலியரைக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். சீக்கிரம் போடப் போட பலன் அதிகம். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். மாத்திரை கிடைக்கவே இல்லை என்றால் ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் தடுக்கும். மாத்திரையை விட அதற்குப் பலன் கூடுதல். தீட்டு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சோதனை செய்யுங்கள். மாதாமாதம் இதையே நம்பி இருக்க வேண்டாம்.

நாங்குநேரி, 33 வயது: நாள் தள்ளிவிட்டது. ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். கடையில் கலைக்கிற மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார் வீட்டுக்காரர்.

வேண்டாம். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். முதலில் டாக்டரிடம் போய் எத்தனை வாரம், எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021-இல் செய்த திருத்தமும் தடுப்பு முறை பலிக்காமல் உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை டாக்டர் கருக்கலைப்பு செய்ய இடம் தருகின்றன. 18 வயது தாண்டிய பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். தாமதிக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போங்கள்.

ஆலங்குளம், 36 வயது: காசநோய் மாத்திரை சாப்பிடுகிறேன். மாலா-என் போடலாமா?

கூடாது. ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுத்துவிடும். அந்தரா அல்லது நிரோத். வலிப்பு மாத்திரை சிலவற்றுக்கும் இதே கதைதான்; டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

சங்கரன்கோவில், 31 வயது: இரண்டும் சிசேரியன். மூன்றாவதாகக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்ய என் உடம்பில் தெம்பு இல்லை. வீட்டுக்காரர் தறியில் நிற்கிறார். அவருக்குச் செய்தால் பலம் போய்விடும், கனம் தூக்க முடியாது என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 57-க்கு மேல் ஆபரேஷன் செய்தவர்கள். கணவர் செய்துகொண்டது ஆயிரத்தில் ஒன்று. பத்து மாதம் சுமந்து, இரண்டு முறை வயிற்றைக் கிழித்தவளே மறுபடியும் படுக்க வேண்டும் என்று எந்த மருத்துவ நூலிலும் எழுதியில்லை.

ஆணுக்குக் கத்தி வைக்காத முறை இருக்கிறது. விரைப்பைத் தோலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்னத் துளை வழியாக விந்துக் குழாயைக் கட்டித் துண்டிப்பார்கள். தையல்கூட இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் நேரடியாகக் கலப்பது, அந்தக் குழாய் வழியாக வருவதில்லை. அதனால் ஆசையும் பலமும் மீசையும் அப்படியே இருக்கும். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனம் தூக்காமல் இருந்தால் தறிக்குப் போகலாம். பெண்ணுக்குச் செய்வதை விட ஆபத்தும் குறைவு. ஆனால் அன்றிலிருந்தே பலன் என்று நினைத்துவிடாதீர்கள். குழாயில் மிச்சம் இருக்கும். மூன்று மாதம் நிரோத் போட்டு, விந்துச் சோதனையில் உயிரணு இல்லை என்று எழுதி வாங்கிய பிறகுதான் விட வேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானே பேசுகிறேன்.