12 இஞ்ச் சப்வூஃபர்: சீல்டு பாக்ஸா, போர்ட்டட் பாக்ஸா?

ப்ரோ, ஸ்விஃப்ட் டிக்கியில ஆரணிப் பட்டுப்புடவைக் கட்டும் ஏத்தணும், சப்வூஃபரும் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) வைக்கணும், வேலூர் கடைக்காரர் போர்ட்டட்தான் பெஸ்ட்னு சொல்றார்னு கேட்டிருக்கீங்க. சீல்டுன்னா முழுசா அடைச்ச பெட்டி, போர்ட்டட்னா காத்து போய்வர ஓட்டை வச்ச பெட்டி. சத்தம் மட்டும் வேணும்னா அவர் சொல்றது சரி.

ஆனா நீங்க போட்ட ஸ்பெக்கைப் பாருங்க. எஃப்.எஸ். (ஸ்பீக்கர் இயல்பா அதிரும் அதிர்வெண்) 28 ஹெர்ட்ஸ், க்யூ.இ.எஸ். (அந்த அதிர்வைக் காயிலும் காந்தமும் எவ்வளவு அடக்குதுன்னு காட்டுற எண்) 0.52. முதலாவதை ரெண்டாவதால வகுத்தா 54 வருது. 50 பக்கம்னா சீல்டு, 100 பக்கம்னா போர்ட்டட்; தோராயக் கணக்குதான், ஆனா நல்லாவே கை கொடுக்கும். உங்களுக்கு சீல்டு போதும்.

இடமும் மிச்சம். 12 இஞ்சுக்கு சீல்டு சுமார் 28 லிட்டர்ல முடியும். போர்ட்டட் 50 பக்கம் கேட்கும், அப்புறம் புடவைக் கட்டு பின் சீட்டுலதான். சீல்டுல தவில், பறை அடியும் இழுவையில்லாம நறுக்குனு விழும். போர்ட்டட்ல ட்யூனிங்குக்கு (அந்த ஓட்டை ஒத்து அதிரும் அதிர்வெண்ணுக்கு) கீழ, ஸ்பீக்கரோட அதிரும் கூம்பான கோனைத் தாங்க ஆளில்லை; ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபயர்ல) அந்த ரொம்பத் தாழ்ந்த ஒலியை வெட்டுற சப்சானிக் ஃபில்டர் இல்லேன்னா ஸ்பீக்கருக்கே ஆபத்து.

பாக்ஸுக்கு 18 எம்.எம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) போடுங்க, உள் மூலையெல்லாம் சிலிகான் அடைக்கச் சொல்லுங்க. லிட்டர்ங்கறது உள்ளளவு, கார்பென்டர் வெளியளவுல வெட்டிடப் போறார்! ஆம்பை பாக்ஸ் மேல திருகாதீங்க, நம்மூர் வெயிலுக்குக் காத்தோட்டமா தனியா இருக்கட்டும்.