முதலில் உள்துணியைப் பாருங்கள்

கேள்வி: நண்பனின் திருமணம் உச்சக் கோடையில், கடலோர ஊர் ஒன்றில் நடக்கிறது. மாலை 4 மணிக்குத் திறந்த வெளியில் விழா, பிறகு இரவு விருந்து. ஆண்கள் கோட்டு அணிந்து வர வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். லினன் வாங்கலாம் என்றால், கசங்கிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கசங்கத்தான் செய்யும். ஆளிச்செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார் அது. இழுத்தால் நீளாது, மடித்தால் மடிந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் அந்த விறைப்பினால்தான் துணி உடம்பில் ஒட்டாமல் விலகி நிற்கிறது. கசங்கலுக்கு அஞ்சாதீர்கள், கோட்டின் உட்புறம் வைத்துத் தைக்கும் உள்துணிக்கு அஞ்சுங்கள்.

ஊசி பிடித்து முப்பது ஆண்டுகளான நானே ஏமாந்திருக்கிறேன். ஒன்றுவிட்ட தம்பியின் திருமணம். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்ததில் எனக்குத் தைக்க நேரமில்லாமல் ஆயத்த லினன் கோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மணல் நிறம், பார்க்க அத்தனை அழகு. வெயிலில் பத்து நிமிடம் நின்றதுமே முதுகில் வாய்க்கால் ஓடியது. ஓரமாகப் போய்க் கழற்றித் திருப்பிப் பார்த்தால், தோளிலிருந்து அடிவரை பளபளவென்று பாலியெஸ்டர். வெளியே லினன், உள்ளே மழைக்கோட்டு! விழா முடிந்ததும் அறைக்கு ஓடி, சவர பிளேடால் முதுகுப்பக்க உள்துணியைத் தையல் தையலாகப் பிரித்தெடுத்தேன். இரவு விருந்துக்கும் அதையேதான் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே நூல் தொங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே கடையில் கோட்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் கண்ணாடி முன் நிற்க வேண்டும். உள்துணி தோள்பட்டையோடு நின்றுவிட்டால் நல்லது. கைகளுக்குள் மட்டும் வழுக்கும் துணி இருக்கட்டும், இல்லையேல் சட்டைக் கை சுருண்டு மேலே ஏறிக்கொள்ளும். பிறகு முதுகுப்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் பொடிப் பொடியாகக் கசிந்தால் காற்றும் கசியும்.

கசங்கலைச் சகிக்கவே முடியாது என்பவர்களுக்குக் கம்பளி. சிரிக்காதீர்கள்! நன்றாக முறுக்கேற்றிய நூலில் இடைவெளி விட்டு நெய்த மெல்லிய கம்பளி, ஒரு மீட்டர் நீளத்துக்கு 250 கிராம் அளவில் கிடைக்கிறது. ஓரிரவு தொங்கவிட்டால் சுருக்கம் பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். சீர்சக்கர் என்ற பருத்தித் துணியும் உண்டு. நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களை இறுக்கமும் தளர்வுமாக மாற்றி மாற்றி விட்டு, நெசவிலேயே சுருக்கத்தை உண்டாக்குகிறார்கள். பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். இஸ்திரியே வேண்டாம். பகல் விழாவுக்கு அருமை, இரவு விருந்தில் கொஞ்சம் விளையாட்டுத்தனமாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

கேள்வி: எனக்கு வியர்வை அதிகம். என்ன நிறச் சட்டை போடலாம்?

பதில்: வெளிர் சாம்பலும் வெளிர் நீலமும் நனைந்த இடத்தை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை காட்டாது. ஆனால் வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் போட்டால் அதன் ஓரம் வெளியே தெரியும். உங்கள் தோலின் நிறத்தை ஒட்டிய பனியனாகப் பாருங்கள். வியர்வைத் தடுப்பானை விழாவுக்குக் கிளம்பும் நேரத்தில் பூசிப் பயனில்லை. முதல் நாள் இரவே, உலர்ந்த தோலில் பூசிவிட்டுப் படுங்கள். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வைத் துளைகளை அடைக்க அந்த நேரம் வேண்டும்.

கேள்வி: கோட்டைப் பெட்டியில் எப்படி வைப்பது?

பதில்: ஒரு தோளை மட்டும் உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். மற்றத் தோளை அதற்குள் நுழைத்து, நீளவாக்கில் மடித்து, துணிகளுக்கெல்லாம் மேலாக வையுங்கள். விமானத்தில் போவதென்றால் அந்தப் பெட்டி உங்கள் கையோடுதான் வர வேண்டும். அறையை அடைந்ததும் நீங்கள் வெந்நீரில் குளிக்கும்போது கோட்டைக் குளியலறைக் கதவில் தொங்கவிடுங்கள். கம்பளிக்கு அந்த ஆவி போதும். லினனுக்குப் போதாது, தண்ணீர் தெளித்து ஈரத்தோடு இஸ்திரி போட வேண்டும்.