எல்லாம் தளத்தில் இருக்கிறது, ஆனாலும் ஏன் போன் செய்து கேட்கிறார்கள்?

கேள்வி: ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். சொந்தமாக இணையதளம் இருக்கிறது. தினமும் நிறையப் பேர் வந்து பார்க்கிறார்கள், ஆனால் ஆர்டர் எல்லாம் போனில்தான் வருகிறது. விலை என்ன, எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா என்று தளத்தில் இருப்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். டிசைனைப் புதிதாக மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். உங்கள் தளத்தைச் செல்போனில் திறந்து பார்த்தேன். நீங்கள் சொல்வதுபோல் எல்லாம் இருக்கிறது. ஆனால் வாங்க வந்தவருக்குச் சந்தேகம் வருகிற இடத்தில் இல்லை.

முதலில் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு வாரம் வருகிற கேள்விகளை, கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். டெவலப்பரிடம் கொடுக்க வேண்டிய வேலைப் பட்டியல் அதுதான். "லிட்டர் விலையா, கிலோ விலையா?" என்று நிச்சயம் பலர் கேட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும்; கடையில் வாங்கிப் பழகியவர்கள் இதைக் கவனிப்பார்கள். விலைக்குப் பக்கத்திலேயே "1 லிட்டர் (910 கிராம்), ஜி.எஸ்.டி. உட்பட" என்று போட்டுவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்தது.

உங்கள் தளத்தின் பெரிய குறை டெலிவரிக் கட்டணம். எண்ணெயைத் தேர்ந்தெடுத்து, கணக்குத் தொடங்கி, ஓ.டி.பி. போட்டு, முகவரி எழுதி முடித்த பிறகுதான் பார்சலுக்கு எவ்வளவு என்று தெரிகிறது. பாதியில் விட்டுப் போகிறவர்களிடம் பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் காரணம் கேட்டு வருகிறது. கடைசியில் வந்து சேரும் கூடுதல் கட்டணம்தான் தொடர்ந்து முதலிடத்தில் நிற்கிறது. கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த ஆய்வு அமெரிக்காவில் வாங்குகிறவர்களிடம் நடந்தது. ஆனாலும் கட்டணத்தை மறைத்து வைத்தால் கோபம் எல்லோருக்கும் வரும். ஒவ்வொரு எண்ணெயின் பக்கத்திலும் விலைக்குக் கீழே ஒரு பின்கோடு கட்டம் வையுங்கள். 6 இலக்கம் போட்டதும் கட்டணமும் வந்துசேரும் நாளும் தெரியட்டும். அதற்குச் செலவாகும் என்றால் "தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்துக்கு இவ்வளவு" என்று ஒரே வரி எழுதினாலும் போதும். இப்போது அந்த விவரம் 'எங்களைப் பற்றி' பக்கத்தில், தாத்தா செக்கு வாங்கிய கதைக்குக் கீழே கிடக்கிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டணத்தை யார் அங்கே போய்த் தேடுவார்கள்?

அடுத்தது விலைப்பட்டியல். வாட்ஸ்அப்பில் அனுப்பச் செய்த போஸ்டரையே தளத்திலும் ஏற்றியிருக்கிறீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து செல்போன் திரையில் எறும்பு போலத் தெரிகிறது. விரல் வைத்துப் பெரிதாக்கினால் பாதி வெளியே போய்விடுகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் போன்ற செயலிகளுக்கு அது வெறும் படம். அதைப் படமாக இல்லாமல் எழுத்தாகவே, யூனிகோட் தமிழில் (எல்லா போனிலும் கணினியிலும் தெரியும் எழுத்து முறை) தட்டச்சு செய்து போடுங்கள், கூகுள் தேடலிலும் அகப்படும். எழுத்து நிறத்தையும் பாருங்கள். சந்தன நிறப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து அழகுதான், வெயிலில் நின்று படிக்க முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்பது, இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற சர்வதேச வழிகாட்டுதல். அதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. தமிழுக்கு வரி இடைவெளியும் சற்றுக் கூடுதலாக வேண்டும். நெருக்கினால் மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும்.

படிவத்தில் ஒரு விஷயம் எனக்கே எரிச்சலாக இருந்தது. போன் எண்ணுக்கு நடுவில் ஓர் இடைவெளி விட்டால் "இன்வாலிட் இன்புட்" என்று சிவப்பில் வருகிறது, எழுதிய முகவரியும் அழிந்துவிடுகிறது. இடைவெளியையும் +91-ஐயும் நிரலே நீக்கிக்கொள்ளலாம், அது சின்ன வேலை. பிழை இருந்தால் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே "போன் எண்ணில் 10 இலக்கம் வேண்டும்" என்று தமிழில் சொல்லுங்கள். எழுதிய எதையும் அழிக்காதீர்கள். போன், பின்கோடு கட்டங்களைத் தொட்டதும் எண் விசைப்பலகை திறக்க வேண்டும் என்றும் டெவலப்பரிடம் சொல்லிவிடுங்கள்.

முகப்பில் தானாக ஓடும் படங்களை எடுத்துவிடலாம். அந்த இடத்தில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் விலையோடு இருந்தால் போதும்.

இதெல்லாம் முடிந்ததும் உங்கள் தளத்தை இதுவரை பார்க்காத சிலரைக் கூப்பிடுங்கள். 5 பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். சின்னக் கடைக்கு 3 பேரே போதும் என்பேன். வீட்டுப் பிள்ளைகள் வேண்டாம், அவர்கள் எதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் யாராவது வரட்டும். அவர்களுடைய போனிலேயே "2 லிட்டர் நல்லெண்ணெய் கோயம்புத்தூருக்கு ஆர்டர் போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உதவி செய்யக் கை பரபரக்கும், செய்யாதீர்கள். எங்கே விரல் தயங்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இவ்வளவு செய்தும் சிலர் வாட்ஸ்அப்பில்தான் கேட்பார்கள். தளத்தில் இருக்கும் வாட்ஸ்அப் பொத்தானை எடுத்துவிடாதீர்கள். எந்த எண்ணெயின் பக்கத்திலிருந்து அழுத்துகிறார்களோ அந்த எண்ணெயின் பெயரும் அளவும் செய்தியில் தானாக வந்து நிற்கும்படி இணைப்பை அமைக்க முடியும். அப்படிச் செய்துவிட்டால் "எது, எத்தனை லிட்டர்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது.