கறிவேப்பிலைப் புழு பாட்டிலில் ஏன் செத்துப்போகிறது?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் சேர்த்து வைத்து இயற்கை பற்றிச் சொல்லித் தருகிறேன். கறிவேப்பிலைச் செடியில் இருந்த ஆறு புழுக்களைத் தண்ணீர் பாட்டிலில் விட்டு, மூடியில் ஓட்டை போட்டு வளர்த்தோம். செடியில் இலை தீர்ந்ததும் கடையில் வாங்கிப் போட்டோம். ஐந்து கறுத்துச் செத்தன. ஒன்று கூட்டுப்புழு ஆனது. அதிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் குட்டிக் குளவிகள் வந்தன. எங்கே தவறினோம்? அடுத்த மாதம் ஏற்காட்டில் ஓர் இரவு தங்குகிறோம். அங்கே இரவில் என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் வளர்த்தது அநேகமாக எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை எது வீட்டில் இருந்தாலும் இந்தப் பட்டாம்பூச்சிகள் தேடி வந்து முட்டையிடும். பிள்ளைகளோடு வளர்க்க இவற்றைவிடத் தோதானவை இல்லை. கடிக்காது, அரிக்காது, முட்டை முதல் சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

முதல் சந்தேகம் கடை இலை மேல்தான். விற்பனைக்கு வளர்க்கும் கறிவேப்பிலைக்கு மருந்தடிப்பது சகஜம். உப்புத் தண்ணீரில் அலசினாலும் இலைக்குள் இறங்கிய மருந்து போகாது. நமக்குத் தெரியாத அளவே சின்னப் புழுவைக் கொன்றுவிடும். மருந்து பட்ட புழு நெளியும், பச்சையாகக் கக்கும், பிறகு சுருங்கிவிடும். வீட்டுச் செடியில் வேப்பெண்ணெய் அடித்திருந்தாலும் அந்த இலை வேண்டாம். வேம்பு தோலுரிப்பைக் கெடுக்கும். பலரும் மறப்பது கொசுவிரட்டியை. இரவெல்லாம் சுருளோ திரவ மருந்தோ எரியும் அறையில் எந்தப் பூச்சியையும் வளர்க்க முடியாது. எறும்பு சாக்பீஸும் அதே கதைதான். எறும்பு வந்தால் ஜாடியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தின் மேல் வையுங்கள், போதும்.

இரண்டாவது, பாட்டில். மூடியில் பத்து ஓட்டை போட்டாலும் உள்ளே ஆவி கட்டும். ஈரத்தில் எச்சம் பூஞ்சை பிடிக்கும், நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். கறுத்துத் தளர்ந்து, தொட்டால் நீராக ஒழுகும் புழு பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. ஐந்து லிட்டர் பிடிக்கும் வாயகன்ற பிஸ்கட் ஜாடி எடுங்கள். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நெருக்கமாக நெய்த வலைத்துணியை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். ஒரு ஜாடிக்கு மூன்று புழு, பெரிதானபின் இரண்டு. பத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து ஜாடி என்றால் ஜோடி ஜோடியாகப் பொறுப்புக் கொடுக்கலாம். வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் கூடாது. சேலத்து வெயிலில் அரை மணி நேரத்தில் ஜாடி அடுப்பாகிவிடும்.

இலையை உதிரியாகப் போட்டால் சீக்கிரம் வாடிவிடும். சின்ன மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொத்தாகச் செருகி, கழுத்தைப் பஞ்சால் இறுக்கமாக அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். கொத்தை மாற்றும்போது புழுவைப் பிடித்து இழுக்கவே கூடாது. அது தோலுரிக்கும் முன் மெல்லிய பட்டு விரித்து, அதைப் பற்றிக்கொண்டு ஒரு நாள் போல அசையாமல் இருக்கும். அப்போது இழுத்தால் காயப்படும். அது இருக்கும் இலையோடு வெட்டிப் புதுக் கொத்தின் மேல் வைத்துவிடுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். சின்னதுக்குக் கொழுந்து, பெரியதுக்கு முற்றிய இலை. கடைசி ஒரு வாரம் தின்னும் வேகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். தொட்டியில் ஒரே செடிதான் என்றால் நான்கைந்து புழுவுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

மூன்றாவது, அந்தக் குளவிகள். அது உங்கள் தவறில்லை. ஒட்டுண்ணிக் குளவிகளில் சில முட்டையிலும், சில புழுவிலும், சில அப்போதுதான் உருவான, தோல் இறுகாத கூட்டுப்புழுவிலும் முட்டையிடும். வெளியில் வளர்ந்த புழுவை எடுத்து வந்தால் உள்ளே விருந்தாளி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அதனால் முட்டையிலிருந்தே தொடங்குங்கள். கொழுந்திலோ இலையடியிலோ தனித்தனியாக, குண்டூசித் தலை அளவில், வெளிர் மஞ்சளாக உருண்டையாக இருக்கும். இலையோடு எடுத்து அன்றே வலைக்குள் வைத்தால் பெரும்பாலும் தப்பும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். இனி எப்போதாவது குளவி வந்தால் தூக்கி எறிய வேண்டாம். எத்தனை வந்தன, கூட்டில் ஓட்டை எங்கே என்று பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் புழு பெருகி இலையெல்லாம் மொட்டையாகாமல் இருப்பது இந்தக் குளவிகளால்தான் என்று தெரிந்தால் அழுகையும் குறையும்.

சின்ன வயதில் புழு பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். நான்கு முறை தோலுரித்தபின் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவைக்கொம்பு ஒன்று எட்டிப் பார்க்கும், காட்டமாக நாறும். ஒருமுறை காட்டினால் போதும், விளையாட்டாக்க விடாதீர்கள்.

முழுதாக வளர்ந்த புழு ஒருநாள் தின்பதை நிறுத்தி, நீராகக் கழிந்து, ஜாடி முழுக்க அலையும். நோய் என்று பயப்பட வேண்டாம், இடம் தேடுகிறது. பென்சில் கனத்தில் குச்சிகளைச் சாய்த்து வையுங்கள். இடுப்பில் பட்டுநூல் கட்டிச் சாய்ந்து நின்று, ஒன்றிரண்டு நாளில் கூட்டுப்புழுவாகும். சில ஜாடிகளில் பச்சைத் தண்டும், சிலவற்றில் காய்ந்த சொரசொரப்பான குச்சியும் வையுங்கள். பச்சையில் பச்சைக் கூடும், காய்ந்ததில் பெரும்பாலும் பழுப்புக் கூடும் வரும். எது எத்தனை என்று பிள்ளைகளே எண்ணிப் பட்டியல் போடட்டும். கூடு கீழே விழுந்துவிட்டால் சொரசொரப்பான துணிமேல், குச்சிக்குப் பக்கத்தில் கிடத்துங்கள். வெளியே வந்ததும் ஏறித் தொங்க ஏதாவது வேண்டும். தொங்க இடமில்லாவிட்டால் சிறகு சுருங்கியே காய்ந்துவிடும்.

ஒன்றரை வாரம் போல் ஆனதும் கூடு கருக்கும், சிறகின் கோலம் வெளியே தெரியும். மறுநாள் காலையில் எதிர்பாருங்கள். வெளிவந்ததும் சொட்டும் நீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது கழிவு. மூன்று மணி நேரம் தொடாமல் விட்டு, அன்றே செடிப்பக்கம் விட்டுவிடுங்கள். வாலில்லாமல் கறுப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டிருந்தால் எலுமிச்சை அழகி. வாலிருந்தால் கறிவேப்பிலை அழகி. அதில் பெண்கள் சில ஆணைப் போலவே இருக்கும். சில, ஆடுதின்னாப்பாளை தின்று வளரும் நச்சுப் பட்டாம்பூச்சிகளைப் போல வேடம் போட்டு வரும். ஒரே தாயின் பிள்ளைகள் இரண்டு தினுசாக வந்தால் “ஜாடி மாறிப்போச்சு” என்று சண்டை வரும், முட்டை எடுத்த அன்றே ஜாடியில் தேதியும் எண்ணும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முருங்கையில் கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்புழுவை யாரும் தொடக்கூடாது. ரோமம் பட்டுவிட்டால் தேய்க்காமல், செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான்.

ஏற்காட்டுக்கு வருவோம். இரவு வேலைக்கு அந்திப்பூச்சித் திரைதான் சரி, அதாவது விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் உட்காரும் வெள்ளைத் துணி. வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு, கீழ்ப்பக்கம் ஒரு முழம் தரையில் விரியவிடுங்கள். பாதிப் பூச்சி கீழேதான் விழும். மஞ்சள் எல்.ஈ.டி. பல்பு உதவாது, புற ஊதாக் குழல்விளக்கு நன்றாக இழுக்கும். அதைப் பிள்ளைகள் நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, மேகமூட்டமான இரவாகப் பாருங்கள். முழு நிலவில் வேட்டிக்கு வரும் பூச்சி குறைந்துவிடும். ஏழு மணி முதல் பத்து மணி வரை போதும். ஏற்காட்டில் பனியும் தூறலும் சொல்லிக்கொண்டு வராது, அதனால் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல் கூரைக்கடியில் வையுங்கள்.

வேட்டியைத் தங்கும் விடுதியின் சுவரோரமே கட்டுங்கள். காப்பித் தோட்ட ஓரம் வேண்டவே வேண்டாம், சேர்வராயன் மலையில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் எதையாவது எடுத்து வருவதும் குற்றம். பூச்சிகளைப் படம் மட்டும் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. முடிந்ததும் விளக்கை அணைத்து, வேட்டியைப் புதர்ப்பக்கம் மெதுவாக உதறிவிடுங்கள். அப்படியே விட்டுத் தூங்கப்போனால் விடியும்போது கொண்டைக்குருவிகள் வரிசையில் வந்து உங்கள் கணக்கெடுப்பைச் சாப்பிட்டு முடித்திருக்கும்.